பக்கத்து வயல்

கீரை இரவு தங்காது. சாயங்காலம் பிடுங்கி, வேர்மண்ணை அலசி, கட்டுக் கட்டி, ஈரச் சாக்கைப் போர்த்தி வண்டியில் ஏற்றினால் விடிவதற்குள் சென்னையின் கோயம்பேடு சந்தையில் இறங்கியாக வேண்டும். மறுநாள் மதியம் தாண்டினால் மாட்டுக்குத்தான். பூசணியை மாதக்கணக்கில் வைத்து விற்கலாம். சிறுகீரையையும் மல்லி மொட்டையும் கறந்த பாலையும் அப்படி வைக்க முடியாது. எந்த ஊர் பெரிதானாலும் அதன் ஓரத்தை ஒட்டியே கீரைப்பாத்தியும் பூந்தோட்டமும் மாட்டுக்கொட்டகையும் இருந்து வந்ததற்கு இதுதான் காரணம்.

ஜெர்மனியில் ஃபான் தூனன் என்றொரு பண்ணையார் 1826-ல் இதை ஒரு புத்தகமாகவே எழுதினார். நகரத்தை நடுவில் வைத்து வட்டம் வட்டமாக வரைந்தால், முதல் வட்டத்தில் பாலும் காய்கறியும், அடுத்ததில் விறகுக்கான காடு, அதற்கப்பால் தானியம், கடைசியில் மேய்ச்சல் என்று அவர் கணக்குப் போட்டார். எங்கள் பக்கத்துக் கீரைக்காரர்கள் அவரைப் படித்ததில்லை. ஆனாலும் அவர் சொன்ன முதல் வட்டத்தில்தான் பாத்தி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர் கணக்கில் ஒரே ஒரு சௌகரியம்: நகரம் நடுவில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். நம்முடைய நகரங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களிலும் 30-களிலும் தியாகராய நகர் வளர்ந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது. ஏரியைத்தான் பார்க்க முடியாது. 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை மாநகராட்சி 2011-ல் 426 ஆனது. பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 2022-ல் 5,904 ஆக விரிந்தது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் அகப்பட்ட வயல்காரர்களில் நானும் ஒருவன். செம்பரம்பாக்கத்துக்கும் மேற்கே, ஒரு சின்ன ஏரியின் ஆயக்கட்டில் எங்கள் குடும்பத்துக்கு நிலம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே பயிர் வைத்தவன். ஓய்வு பெற்றபின் பயிர் மட்டும். எழுபதைக் கடந்துவிட்டேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நகரத்தை ஒட்டி நிலம் வைத்திருப்பது சாபம் என்று நான் நினைக்கவில்லை. முளைக்கீரை விதைத்தால் ஒரு மாதத்துக்குள் காசு. அரைக்கீரை அறுக்க அறுக்கத் துளிர்க்கும். உட்கிராமத்துக்காரன் நெல் போட்டு நான்கு மாதம் காத்திருக்கும் நேரத்தில் நகரத்தோரக்காரன் நான்கு தடவை பணம் பார்த்துவிடுவான். 1999 நவம்பர் 14-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது, தரகு இல்லாமல், தராசு தன் கையில் இருக்க விற்பது எப்படியிருக்கும் என்று பல விவசாயிகள் முதல்முறையாகப் பார்த்தார்கள். அந்த வசதியை ஆண்டு முழுக்க அனுபவிக்கக்கூடியவர்கள் பஸ் ஏறி ஒரு மணி நேரத்தில் சந்தைக்கு வந்துவிடக்கூடியவர்கள்தான். 2020-ல் கொரோனா நேரத்தில் மே மாதம் கோயம்பேட்டை மூடி, மொத்த வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். செப்டம்பர் கடைசி வரை அதே நிலைமை. அந்த மாதங்களில் எங்கள் பக்கத்துப் பையன்கள் கீரையையும் கத்தரியையும் பைக்கில் கட்டிக்கொண்டு போய் அடுக்குமாடி வாசல்களில் விற்றார்கள். வாங்கியவர்கள் விலை கேட்டார்கள். பிறகு ஊர் கேட்டார்கள். இவ்வளவு பக்கத்திலா வயல் இருக்கிறது என்று ஒரு அம்மா ஆச்சரியப்பட்டதை எங்கள் தெருவில் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள். அவர் குடியிருந்த அடுக்குமாடியே ஒரு வயல்மேல்தான் நின்றது.

நிலத்தை விற்றவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்டுபவர்கள் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஏக்கருக்கு இருபது குவிண்டால் நெல் விளைந்து, குவிண்டால் 2,500 ரூபாய் என்று கொள்முதல் நிலையத்தில் போட்டால் கைக்கு வருவது ஐம்பதாயிரம். உழவு, நாற்று, நடவு, களை, உரம், மருந்து, அறுப்பு என்று கழித்தபின் மிஞ்சுவதைச் சொன்னால் வீட்டில் மருமகள் சிரிப்பாள். அதே ஏக்கர் 43,560 சதுர அடி. சாலைக்கும் பூங்காவுக்கும் விட்டதுபோக பாதிக்கு மேல் மனையாகத் தேறும். சதுர அடி ஆயிரம் ரூபாய் என்று வைத்தாலும் இரண்டு கோடிக்கு மேல் ஓடுகிறது கணக்கு. மகள் கல்யாணமும் பையனின் இன்ஜினியரிங் கட்டணமும் மூன்று போர் போட்டும் தண்ணீர் வராத கடனும் ஒரே வீட்டில் இருக்கும்போது அந்த அப்பாவிடம் போய் மண்ணின் மகத்துவம் பேச எனக்கு வாய் வராது. பிளாட் போடுகிறவர் வீட்டுக்கே வந்து முன்பணம் வைக்கிறார். விவசாயம் செய்யச் சொல்கிற நாம் என்ன வைத்தோம்?

பங்காளி மகன் ஒருவன் திண்ணையில் உட்கார்ந்து கேட்டான்: "பெரியப்பா, நாலு பக்கமும் வித்துட்டாங்க. நாம மட்டும் வச்சிக்கினு என்னா பண்றது?"

எனக்கு அவன் கேள்வியின் முதல் பாதிதான் முக்கியமாகப் பட்டது. விலை ஏறியதால் விற்கிறேன் என்று அவன் சொல்லவில்லை. நாலு பக்கமும் போய்விட்டதால் விற்கிறேன் என்றான். இத்தனை வருஷம் வரப்பில் நின்றதில் நான் தெரிந்துகொண்டதும் அதுதான். பட்டா தனி, பயிர் பொது. நிலத்தைத் தனியாக வாங்கலாம், தனியாக விற்கலாம். தனியாகப் பயிர் வைக்க முடியாது.

பாலாறும் கொசஸ்தலையும் மழைக்காலத்து ஆறுகள். எங்கள் பக்கம் ஏரியை நம்பிய சீமை. மதகைத் திறந்தால் தலைமடை வயலுக்குப் பாய்ந்து, அதிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து கடைமடைக்கு என்று தண்ணீர் போகும். எந்தக் கால்வாய் எப்போது, யாருக்கு எத்தனை நாழிகை என்பதை நீர்க்கட்டி பார்த்துக்கொள்வார். அறுப்பு முடிந்ததும் ஆளுக்கு இவ்வளவு என்று களத்திலேயே அவருக்கு நெல் அளப்போம். மராமத்துக்கும் எல்லோரும் ஆள் அனுப்ப வேண்டும். நடுவில் ஒருவர் நிலம் மனையானது. அவர் கெட்டவர் இல்லை, வாய்க்காலை மூடச் சொல்லவும் இல்லை. ஆனால் மனை போட்டவர்கள் லாரி லாரியாகக் கிராவல் கொட்டி மூன்றடி உயர்த்தினார்கள், சுற்றுச்சுவர் வைத்தார்கள். வாய்க்கால் வரைபடத்தில் இருக்கிறது. அதற்குள் இப்போது வீட்டுக் கழிவு நீர் நிற்கிறது. அவருக்குக் கீழே இருந்த மூன்று பேருக்கு ஏரி நிறைந்தும் தண்ணீர் இல்லை. மேலே இருந்தவர்களுக்கு வேறு கஷ்டம்: ஐப்பசி மழையில் வடிய வழியில்லாமல் நாற்று அழுகியது. விற்றவர் ஒருவர்; பயிர் போனது ஏழெட்டுப் பேருக்கு. இழப்பீடு என்ற பேச்சே எழவில்லை, ஏனென்றால் யாருடைய நிலத்தையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

தண்ணீர் கண்ணுக்குத் தெரியும். தெரியாதவை இன்னும் நிறைய. ஐம்பது ஏக்கரும் ஒரே பட்டத்தில் நட்டால் எலியும் குருவியும் பூச்சியும் ஐம்பது ஏக்கருக்குப் பங்கிட்டுத் தின்னும்; ஆளுக்கு ஒரு மூலை சேதமாகும், தாங்கலாம். சுற்றிலும் வீடாகி நடுவில் ஒரே ஒரு ஏக்கர் பச்சையாக நின்றால் அத்தனை எலிக்கும் அதுதான் வீடு, அத்தனை மயிலுக்கும் அதுதான் பந்தி. கதிர் அறுக்கும் மெஷின் லாரியில் ஏறி வருவது. இருபது ஏக்கர் சேர்ந்தாற்போல் இருந்தால் வருவார்கள். அரை ஏக்கருக்குக் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் வரப்பு வழி எங்கே என்று கேட்கிறார்கள். நடவுக்கு வரும் பெண்கள் குழுவாக வருகிறவர்கள். ஒரு ஊரில் நாலு நாள் வேலை இருந்தால்தான் ஷேர் ஆட்டோ கூலி கட்டும். உரக்கடை சிமெண்டுக் கடையாகும். நெல் வரத்து குறைந்தால் நேரடிக் கொள்முதல் நிலையத்தை அடுத்த ஊருக்கு மாற்றுவார்கள். இதில் எதையும் யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. கிழிந்த பாயைப் போல, ஒரு கோரை உருவினால் பக்கத்துக் கோரை தானாகத் தளர்ந்துவிடுகிறது.

குடிவந்தவர்கள் அறியாமல் செய்கிற தீங்கும் உண்டு. மாலையில் வயல் காற்று வாங்க வருகிறவர்கள் சும்மா வருவதில்லை. பாட்டில் துண்டு மிதித்துக் காலைக் கிழித்துக்கொண்ட நடவுப் பெண்களை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். செருப்புப் போட்டுக்கொண்டு நாற்று நட முடியாது. பிறகு அந்தத் தெருவிளக்கு. பழைய சம்பா ரகங்கள் பொழுது குறுகுவதைப் பார்த்துத்தான் கதிர் வாங்கும். விடிய விடிய வெள்ளை வெளிச்சம் விழுந்தால் அதற்கு இரவு என்பதே தெரியாது. விளக்குக்கு எதிரே இருக்கும் பயிர் மட்டும் தழைத்துக்கொண்டே நிற்கும், மற்றது முற்றி அறுப்புக்கு வந்திருக்கும். விளக்கை எனக்குப் பிடிக்காது என்றில்லை. பெண்பிள்ளைகள் வேலை முடித்து நடந்து வருகிற சாலை அது, விளக்கு வேண்டும். ஒரு தகரத் தட்டியை வயல்பக்கம் மறைத்து வைக்கலாம் என்பது விளக்குப் போடுகிறவருக்குத் தோன்றாது. வயல்காரன் என்று ஒருவன் இருப்பதே அவர் வரைபடத்தில் இல்லை.

நிலத்தடி நீரும் பட்டாப் பிரகாரம் ஓடுவதில்லை. சென்னை தாகத்தில் தவித்த ஆண்டுகளிலெல்லாம் பூண்டி, தாமரைப்பாக்கம், மீஞ்சூர் பக்கத்து விவசாயக் கிணறுகளிலிருந்து தண்ணீர் நகரத்துக்குப் போயிருக்கிறது. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 1987-லேயே சட்டம் வந்தது. 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த கோடையில் தனியார் லாரிகள் எந்த நேரத்தில் எந்தக் கிணற்றில் நிற்கும் என்று சொல்ல முடியாது. பயிரைவிடத் தண்ணீருக்கு விலை வந்தால் கிணற்றுக்காரர் தண்ணீரை விற்கிறார். அவர் மோட்டார் இரவெல்லாம் ஓட, பக்கத்துத் தோட்டத்துக் கிணறு அடிமண்ணைக் காட்டுகிறது. இதில் நகரத்தை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்பவர்களிடம் என்ன சொல்வது? ஆனால் வயல் இருந்தால்தான் மழை நீர் தேங்கி உள்ளே இறங்கும் என்பதையும், தங்கள் குழாய்க்கும் அந்த வயலுக்கும் சம்பந்தம் உண்டு என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. சாலையோரம் வேலி போட்டு, வாங்கியவர் எங்கோ இருக்க, விலை ஏறட்டும் என்று கிடக்கும் நிலங்களில் கீரை போடுகிறவர்கள். வாய்ச்சொல்தான் குத்தகை. நிலத்துக்காரர் எழுத்துக் கொடுக்க மாட்டார். 1955-ம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் தன்மேல் பாய்ந்துவிடும் என்ற பயம். காகிதம் இல்லாததால் கூட்டுறவுக் கடன் இல்லை, வெள்ளத்தில் போனால் நிவாரணம் இல்லை, பயிர்க் காப்பீடு இல்லை. எந்த நாள் புல்டோசர் வரும் என்று தெரியாதவன் ஒரு மாதப் பயிரைத்தான் வைப்பான். முருங்கைக் குச்சிகூட ஊன்ற மாட்டான், தொழு உரம் அடிக்க மாட்டான், மண்ணைத் தேற்ற மாட்டான். நகரத்தோர நிலத்தில் ரசாயனம் கொட்டுகிறார்கள் என்று புகார் சொல்பவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். மண்ணைப் பேணுவது நாளைக்கும் இங்கே இருப்போம் என்று நம்புகிறவன் செய்கிற காரியம்.

ஊராட்சியை நகராட்சியோடும் மாநகராட்சியோடும் சேர்க்கும்போது கூலிக்காரர்கள் ஏன் மறியல் செய்கிறார்கள் என்று நகரத்து நண்பர் ஒருவர் கேட்டார். கௌரவம்தானே கூடுகிறது என்பது அவர் எண்ணம். நூறு நாள் வேலை என்று நாங்கள் சொல்லும் அரசு வேலைத் திட்டம் கிராமத்துக்கு மட்டும்தான். பலகையில் பெயர் மாறினால் அந்த வேலை போய்விடும், வீட்டு வரி ஏறும். காலையில் நூறு நாள் வேலை, சில நாள் களையெடுப்பு, ஒரு மாடு, இரண்டு ஆடு என்று ஓட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு அந்த ஓட்டத்தில் ஒரு கால் முறிகிறது. அவள் கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவப் போகிறாள். எனக்குக் களையெடுக்க ஆள் இல்லை.

இப்போது மாடித் தோட்டம். 2013 வாக்கில் அரசே சென்னையிலும் கோவையிலும் மானியத்தில் பையும் தென்னை நார்க்கழிவும் விதையும் கொடுக்கத் தொடங்கியபோது, நாங்கள் கொஞ்சம் ஏளனமாகத்தான் பேசினோம். பத்துப் பையில் என்ன விளையும்? உண்மைதான், அதனால் நகரத்துக்குச் சோறு கிடைக்காது. ஆனால் வெண்டைச் செடியில் மாவுப்பூச்சி விழுந்து, வேப்பெண்ணெய் கரைத்துத் தெளித்து, அப்படியும் பாதிக் காய் சொத்தையாகப் பார்த்தவர்கள் கீரைக்காரியிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசுவதை நிறுத்தியிருக்கிறார்கள். இதை நான் கண்ணால் கண்டேன். பால்கனித் தக்காளியைப் படம் பிடித்து அனுப்புகிற என் பேத்தியின் தோழிக்கு ஒரு சொல் மட்டும்: அம்மா, தளத்தில் ஈரம் கசிகிறதா என்று பார்த்துக்கொள்.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள் என்று தேடிப் படிப்பது ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு வேலை. கேரளம் 2008-ல் நெல்வயல், நீர்நிலம் காக்கச் சட்டம் கொண்டுவந்தது. வேறு நிலம் இல்லாதவர் வீடு கட்ட ஊராட்சியில் பத்து சென்ட், நகரத்தில் ஐந்து சென்ட் என்று விலக்கு வைத்தார்கள். உள்ளூர்க் குழுவில் விவசாயிகளையும் உட்கார வைத்தார்கள். சட்டத்தைச் சுற்றி வழக்கும் திருத்தமும் ஓயவில்லை. தடுக்க மட்டும் தெரிந்த சட்டம் பயிர் வைக்க ஆள் கொண்டுவராது என்பதும் அங்கே தரிசாகக் கிடந்த வயல்களில் தெரிந்தது. நம்மிடம் அந்த அளவுக்கும் இல்லை. பெருநகரத் திட்டத்தில் விவசாய மண்டலம் என்று வண்ணம் தீட்டியிருப்பார்கள். ஆளாளுக்கு மனுப் போட்டு, சர்வே எண் சர்வே எண்ணாக வகைப்பாட்டை மாற்றிக்கொள்ளலாம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று தடை போட்டது. அடுத்த ஆண்டே வரன்முறை விதிகள் வந்தன. மனை வாங்கிய ஏழைகளைக் காக்க அது தேவைப்பட்டிருக்கலாம். மனு கொடுத்தவர் நிலத்தைத்தான் அதிகாரி பார்க்கிறார். அதன் கீழே எத்தனை வயலுக்கு வாய்க்கால் போகிறது என்று கேட்கிற ஒரு கட்டமும் அந்தப் படிவத்தில் இருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது டோக்கியோ. அவ்வளவு பெரிய நகரத்துக்குள் இன்னும் கோஸும் முள்ளங்கியும் விளைகின்றன. அங்கே 1991-ல் திருத்திய சட்டப்படி, நகரத்துக்குள் நிலம் வைத்திருப்பவர் முப்பது ஆண்டு பயிர் வைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டால் வீட்டுமனைக்குரிய வரி கிடையாது. 2022-ல் முப்பது ஆண்டும் ஒரேயடியாக முடியப்போகிறதே, எல்லோரும் விற்றுவிடுவார்களே என்று பயந்து, முன்கூட்டியே பத்துப் பத்து ஆண்டாக நீட்டிக்க வழி செய்தார்கள். இதை அப்படியே இங்கே கொண்டுவருவதில் பயனில்லை. நம் நிலவரி ஒரு காசுக்கும் பெறாதது. வரியைக் கண்டு பயந்து விற்பவர் இங்கே இல்லை. நான் எடுத்துக்கொள்வது அந்த முப்பது ஆண்டை. அவ்வளவு காலத்துக்கு உறுதி இருந்தால் ஒருவன் மரம் வைப்பான்.

அதே டோக்கியோவில் நெரிமா என்ற வட்டாரத்தில் 1996 முதல் ஒரு ஏற்பாடு இருக்கிறது. விவசாயி தன் நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, அக்கம்பக்கத்துக் குடும்பங்களிடம் ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, விதையும் கருவியும் கொடுத்து, விதைப்பது முதல் அறுப்பது வரை தானே கற்றுக்கொடுக்கிறார். விளைந்தது கட்டணம் கட்டியவருக்கு. மழை பெய்தாலும் காய்ந்தாலும் விவசாயியின் வருமானம் முன்கூட்டியே கைக்கு வந்துவிடுகிறது. எனக்குப் பிடித்தது வருமானம் மட்டும் அல்ல. நாலு பக்கமும் விவசாயிகள் போய்விட்ட இடத்தில், குடிவந்தவர்களையே பக்கத்து வயல்காரர்களாக அவர் ஆக்கிக்கொண்டார். தெருவிளக்குக்குத் தட்டி வைக்க வேண்டுமென்றால் அங்கே நூறு குடும்பம் சேர்ந்து மனுப் போடும்.

கொல்கத்தாவை நம்மவர்கள் போய்ப் பார்க்க வேண்டும். நகரத்தின் கிழக்கே 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலம், 2002-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஊர்ச் சாக்கடை ஆழமில்லாத குளங்களுக்குள் விடப்படுகிறது. வெயிலும் பாசியும் அதைச் சுத்தம் செய்ய, பாசியை மீன் தின்ன, அந்த மீனை ஊர் தின்கிறது. பக்கத்தில் தாப்பாவில் பழைய குப்பைமேட்டு மண்ணில் காய்கறி. துருவஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர்தான், மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததன் அருமையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். 2018-ல் மறைந்தார். வேறு நகரமாயிருந்தால் கோடி கோடியாகக் கொட்டிச் சுத்திகரிப்பு நிலையம் கட்டும் வேலையை அங்கே மீன்காரர்கள் கூலி கேட்காமல் செய்கிறார்கள். அங்கேயும் மனைக்காரர்கள் விளிம்பைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கூவத்தையும் அடையாற்றையும் இப்படித் திருப்பலாமே என்று யாராவது உற்சாகப்பட்டால் ஒரு எச்சரிக்கை: வீட்டுச் சாக்கடை வேறு, தோல் பதனிடும் ஆலையும் முலாம் பூசும் பட்டறையும் விடுகிற கழிவு வேறு. ஈயமும் காட்மியமும் கலந்த தண்ணீரில் கீரை செழிப்பாகத்தான் வரும். கண்ணுக்குத் தெரியாது; தின்கிறவர் உடம்பில்தான் தெரியும். தண்ணீரைச் சோதிக்காமல் கீரை போடுகிறவரை நான் ஆதரிக்க மாட்டேன், அவர் எவ்வளவு ஏழையானாலும்.

கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு நிலம் வாங்க வரும் இளைஞர்கள் சிலர் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். மண் பரிசோதனைத் தாளைக் காட்டுகிறார்கள், போர் எத்தனை அடி என்கிறார்கள், நாட்டு மாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். தம்பி, அதெல்லாம் அப்புறம், நாலு பக்கமும் யார் பயிர் வைக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு வா என்கிறேன். அவர்கள் வயது என்ன, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், மதகு எந்தப் பக்கம், வடிகால் யார் நிலத்தில் போகிறது? ஒரு ஏக்கரை ஊருக்கு ஒதுக்குப்புறமாகச் சல்லிசாக வாங்குவதைவிட, நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரே மதகில், பயிர் வைத்துக்கொண்டிருக்கும் வயல்களுக்கு நடுவில் வாங்குவது நல்லது. வாரக் கடைசியில் மட்டும் வந்து போகும் உத்தேசமென்றால் வாங்க வேண்டாம். ஏற்கெனவே அங்கே பயிர் வைப்பவரிடம் ஆண்டு முழுக்கக் காய்கறி வாங்கு, அது அவருக்கு அதிக உபகாரம். சிலர் முகம் சுருங்கிவிடுகிறது. ஒருவன் மட்டும் திரும்பி வந்து, நான் கேட்கச் சொன்னதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் காட்டினான். மேற்கே இருந்த பெரியவர் தன் நிலத்தையும் குத்தகைக்குத் தருவதாகச் சொன்னாராம்.

எங்கள் மதகில் மிச்சமிருக்கும் குடும்பங்கள் ஒரு பேச்சு வைத்திருக்கிறோம். யாரையும் விற்காதே என்று சொல்வதில்லை. சொல்ல உரிமையும் இல்லை. முன்பணம் வாங்குவதற்கு முன் மற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். விற்றே ஆக வேண்டுமென்றால் நடுவிலிருந்து விற்காமல் சாலையோர நிலத்தை முதலில் விட வேண்டும், அதற்காக உள்ளே நிலத்தை மாற்றிக்கொள்ளவும் தயார். பத்திரத்தில் வாய்க்காலுக்கு வழி விட வேண்டும். கையெழுத்து ஒன்றும் கிடையாது. எங்கள் தலைமுறை வரைக்கும் நிற்கும் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கட்டுப்படுத்த இந்தப் பேச்சுக்கு வலு உண்டா என்று எனக்குச் சந்தேகம்தான். அதனால் பொங்கலுக்கு வரும்போது அவர்களையும் மதகடிக்கு அழைத்துப்போய் உட்கார வைத்துப் பேசுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

எங்கள் வயலை ஒட்டிய மனைகளில் எழுந்த புது நகரின் குடியிருப்போர் சங்கத்தோடும் பேச்சுவார்த்தை நடக்கிறது. முதல் கூட்டத்தில் சாணி நாற்றம் பற்றித்தான் அரை மணி நேரம் பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டேன். அடுத்த கூட்டத்துக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் அரைக்கீரைக் கட்டுகளோடு போனார்கள். அதற்குப் பிறகு சாலைக்கு அடியில் வாய்க்கால் தண்ணீர் போக இரண்டு சிமெண்டுக் குழாய் பதிக்கச் சம்மதித்துவிட்டார்கள், செலவில் பாதியும் அவர்களே. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வாசலில் எங்கள் கடை. தெருவிளக்குக்குத் தட்டி வைக்கும் விஷயத்தில் சங்கத்துத் தலைவரும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்திருக்கிறோம். எந்தப் பிரிவு பார்க்க வேண்டும் என்றே அங்கே இன்னும் தீர்மானமாகவில்லையாம். சம்பா கதிர் வாங்குவதற்குள் பதில் வந்தால் நல்லது. வராவிட்டால் இந்த வருஷம் பழைய கோணிப்பை கட்டிக்கொள்ளலாம் என்று தலைவரே சொல்லியிருக்கிறார், ஏணியும் அவர் வீட்டில் இருக்கிறது.